மூன்று கோச், அதே எட்டாம் இடம்



நம் வாலிபத் தம்பிமாருக்கு ஃபுட்பால் என்றால் உயிர். அவர்களுக்குத் தெரிந்த கதையிலேயே இந்த மாதம் ஆரம்பிக்கிறேன், பெரியவங்க பொறுத்துக்கணும்.

சென்னையின் எஃப்.சி. அணி 2015லும் 2018லும் ஐ.எஸ்.எல். கோப்பையை ஜெயித்தது. 2020 மார்ச்சில் ஃபைனல் வரைக்கும் போனது. அடுத்த சீசனுக்கு சாபா லாஸ்லோ என்ற புதுக் கோச் வந்தார். 20 ஆட்டத்தில் ஜெயித்தது 3. மொத்தம் 17 கோல். எட்டாம் இடம். அவர் போய் பாண்டோவிச் வந்தார். சீசன் முடியும் முன்னே அவரும் போனார். எட்டாம் இடம். 2022-23ல் பிர்தாரிச். மறுபடியும் எட்டு!

கோச் கோட்டுக்கு வெளியே நிற்கிறவர். கத்தலாம், கை காட்டலாம், ஆளை மாத்தலாம். உள்ளே வந்து பந்தை உதைக்க முடியாது.

இதை ஏன் எழுதுகிறேன்? மேலே நம் கிளைச் சபைக்குப் புது ஊழியர் வந்து பத்து மாதம் ஆகிறது. அறுபது பேர் வந்த ஆராதனைக்கு இப்போது முப்பத்தைந்து பேர். ஒரு ஞானஸ்நானம்கூட இல்லை. "பாஸ்டர், அவரை மாத்திடுங்க" என்று மூன்று குடும்பத்தார் கையெழுத்துப் போட்ட தாளோடு என்னிடம் வந்தார்கள். "அவரோட வீடு சந்திப்புக்குக் கடைசியா எப்போ போனீங்க?" என்று கேட்டேன். பதில் இல்லை.

யாத்திராகமம் 5ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மோசே புதுசா வந்த தலைவர். அவர் வந்ததும் வைக்கோல் நின்றுபோனது, செங்கல் கணக்கு மட்டும் குறையவில்லை. அடிவாங்கின ஜனத்தலைவர்கள் முதலில் பார்வோனிடம் முறையிட்டார்கள். அங்கே நடக்கவில்லை, வெளியே வந்து மோசேயையும் ஆரோனையும் பிடித்துக்கொண்டார்கள். முதல் சீசன் முழுத் தோல்வி, தேவ ஜனமே! ஆனாலும் கர்த்தர் ஆளை மாற்றவில்லை.

"2019 டிசம்பர்ல கோச்சை மாத்தினதாலதானே பாஸ்டர், அடுத்த மார்ச்ல ஃபைனல் போனாங்க?" என்று ஒரு தம்பி மடக்கினான். நியாயமான கேள்விதான். உபதேசம் புரண்டால், காணிக்கையில் கை வைத்தால், மாற்றச் சொல்லி நானே முதல் ஆளாகக் கேட்பேன். கூட்டம் குறைந்தது அந்தக் கணக்கில் வராது.

அமெரிக்காவில் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் (அவங்க ஃபுட்பால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்) 1989ல் பில் ஸ்னைடர் புதுக் கோச்சாக வந்தார். 11 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. ஆனாலும் அவரையே வைத்திருந்தார்கள். மறுவருடம் 5 வெற்றி, அதற்கடுத்து 7. பிற்பாடு அந்த ஸ்டேடியத்துக்கே அவர் குடும்பப் பேரை வைத்தார்கள்.

காப்பித் தோட்டத்துல பாடுபடுற உங்களுக்கு இதைச் சொல்லணுமா? நாற்று நட்டால் மூணு நாலு வருஷம் களை எடுத்து, நிழல் மரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறோம். பத்து மாதச் செடியில் பழம் தேடுவோமா? லூக்கா 13ல் தோட்டக்காரன் அத்திமரத்துக்கு இன்னும் ஒரு வருஷம் கேட்டான். சும்மா கேட்கவில்லை, சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாகத் தன் உழைப்பையும் சேர்த்துக் கேட்டான்.

அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டவர்கள் வாரத்தில் ஒரு சாயங்காலம் ஊழியரோடு இரண்டு வீடு நடந்துவாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒரு குடும்பம் சரி என்றது, ஸ்தோத்திரம். மற்ற இரண்டு குடும்பங்களுக்காக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஜெபியுங்கள். மார்கழிக் குளிர் வருகிறது; ஊழியரின் பிள்ளைகளுக்கு நல்ல ஸ்வெட்டர் இல்லை. கொடுக்க மனமுள்ளவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் மனைவியிடம் கொடுக்கலாம்.