வீரன் அவர்களுக்கு, பேய் நமக்கு

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்த்த காலத்தில் என் டிபன் பைக்குள் ஒரு டெக்ஸ் வில்லர் புத்தகம் கட்டாயம் இருக்கும். 1948இல் இத்தாலியில் உருவான கௌபாய். சிவகாசி லயன் காமிக்ஸ் அவனைத் தமிழ் பேச வைத்தது. துப்பாக்கிக்கு அஞ்சாத அவன்மீது மெபிஸ்டோ என்கிற சூனியக்காரன் மாந்திரீகத்தை ஏவுவான். குதிரைக் குளம்படியும் பேய் பயமும் ஒன்றாக வரும். கீழே வைக்க மனசு வராது.

ஒன்று மட்டும் உறுத்தியது. டெக்ஸ், நவஹோ செவ்விந்தியர்களின் தலைவன், பிறப்பால் வெள்ளைக்காரன். நவஹோக்களில் ஒருத்தன் ஏன் நாயகனாகக் கூடாது?

எங்க அவ்வா சொன்ன கதையிலும் இதே சங்கதிதான். வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் நாங்க. மதுரைவீரன் எங்க சாமி. குதிரை, கத்தி, பொம்மியோடு ஓட்டம், அழகர்மலைக் கள்ளர்களோடு சண்டை எல்லாம் அதில் உண்டு. மாறுகால் மாறுகை வாங்கிக் கொன்றபின் அவன் ஆவி மதுரையை ஆட்டிப்படைத்ததாம், பயந்துபோய்க் கும்பிட்டார்களாம். ஆனால் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவனைக் காசிராஜன் பெற்ற பிள்ளை என்று கதைப்பாடலில் எழுதிவிட்டார்கள். வீரம் அரசனுக்குப் போயிற்று. வெட்டுப்பட்ட உடம்பும் பேயும் நமக்கு.

"செத்தப்புறமாவது கும்புட்டாங்களே, அவ்வா?" என்று கேட்டேன்.

"பயத்துல கும்புட்டவன் திருந்திட்டான்னு எவன்டா சொன்னான்?" என்றாள்.

2018 நவம்பரில் அந்தப் பதில் திரும்ப வந்து நின்றது. சாதி மீறிக் கல்யாணம் செய்து ஓசூரில் குடித்தனம் வைத்திருந்த ஜோடி. பையன் தலித். கை கால் கட்டப்பட்ட உடல்கள் எல்லைக்கு அப்பால், கர்நாடகத்துக் காவிரியில் கிடைத்தன. பெண்ணின் சொந்தக்காரர்கள் கைதானார்கள்.

கொன்றவன் தூக்கத்தில் அந்த இரண்டு பேரும் வந்து நிற்கட்டும் என்று அன்றைக்கு நானும் ஆசைப்பட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பேய் பயம் கொலைகாரனுக்கு ஒரு வசதி. ஒரு கிடா வெட்டிப் பொங்கல் வைத்துக் கணக்கை முடித்துக்கொள்வான். கோர்ட்டில் அது நடக்கக் கூடாது.

தோழர்களே, நமக்கு இன்னொரு சாமி வேண்டாம். ஓசூரில் ஒரு வாடகை வீட்டில் அவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டு, பிள்ளை பெத்து, கிழடாகியிருக்கணும். அந்தக் கதைக்குக் குதிரையும் வேண்டாம், பேயும் வேண்டாம்.