குளிர் பொறுத்தல் யாருக்குரிய அறம்?

பனிக்காலம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு சிறு வழக்கு எழுவதுண்டு. வைகறையில் ஜினாலயம் செல்லும் முதியவர் கம்பளி போர்த்திக்கொள்ளலாமா, நோன்பு நாளில் வெந்நீரில் நீராடலாமா, அடுப்பருகே அமர்ந்து கைகாய்வது உடற்பற்று ஆகாதா என்றெல்லாம் கேட்போர் உளர். "உடலுக்கு இத்தனை உபசாரம் எதற்கு?" என்பது ஒரு சாராரின் வினா. "உடல் நிலைத்தால்தானே விரதம் நிலைக்கும்?" என்பது மற்றொரு சாராரின் விடை. இரு திறத்தாரும் ஆகமத்தைத் துணைக்கு அழைப்பர். பாட்டியார் சுக்குக் கஷாயத்தோடு வந்த பிறகு வழக்கு தானே ஓய்ந்துவிடும்.

ஓய்ந்துபோகும் இவ்வழக்கினுள் ஓயாத ஒரு வினா ஒளிந்துள்ளது. அதனைக் கொல்லிமலையின் குளிரை முன்னிறுத்தி எண்ணிப் பார்ப்போம்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் எனச் சமவெளியில் வாழ்ந்து பழகிய நமக்கு மார்கழிக் குளிர் என்பது அதிகாலையில் ஓரிரு நாழிகை உடலைச் சிலிர்க்கச் செய்து, கதிரவன் ஏறியதும் மறைந்துவிடுவது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரமுடையது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மார்கழி மாலையில் செம்மேட்டில் இறங்குபவர் முதலில் தேடுவது போர்வையைத்தான். இமயத்துக் குளிரோடு ஒப்பிட்டால் இது குளிரென்றே சொல்லத்தக்கதன்று. ஆயினும் குளிரின் கொடுமையை வெப்பமானி மட்டும் காட்டிவிடாது. மண் சுவரும் புல் வேய்ந்த கூரையும் உடைய குடிலில், மூடுபனியால் துணி உலராமல், விறகும் நனைந்திருக்கையில், மெலிந்த போர்வை ஒன்றினுள் மூன்று குழந்தைகளோடு இரவைக் கழிப்பவர்க்கு அது கொடுங்குளிரே. தங்கும் விடுதியில் இரண்டு கம்பளி கேட்டுப் பெறும் நமக்கு அது இன்பச் சுற்றுலாவின் ஒரு பகுதி.

மலைக்குச் சென்று திரும்புவோர் அடிக்கடி கூறும் ஒரு சொல் உண்டு. "அவர்களுக்கென்ன, பழகிப்போன குளிர்" என்பதே அது. அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைக் குறித்து இவ்வாறு சொல்வோர் தீய எண்ணம் உடையவர் அல்லர். சொல் இயல்பாக வந்துவிடுகிறது. நம்முள்ளும் சிலர் இதற்குச் சமய நிறம் பூசி, "குளிரைப் பொறுப்பதும் ஒரு பரீஷஹ ஜயந்தானே" என்று முடித்துவிடுவர். இவ்விடத்தில்தான் நாம் சற்றே நின்று ஆராய வேண்டியுள்ளது.

உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் 22 பரீஷஹங்களை எண்ணுகிறது. பசியும் தாகமும் முதலிரண்டு. மூன்றாவது குளிர், நான்காவது வெப்பம். அவற்றைப் பொறுப்பது எதற்கென்றும் சூத்திரமே கூறிவிடுகிறது. ஏற்றுக்கொண்ட நெறியினின்று நழுவாதிருத்தற்கும், வினைகளை உதிர்த்தற்குமாம். ஆகவே பரீஷஹம் என்பது வெறும் துன்பமன்று. துறவு நெறியை அறிந்து, விரும்பி, விரதமாக மேற்கொண்டவர் அந்நெறியிடையே வந்துறும் இடரைச் சமநோக்கோடு ஏற்பதே பரீஷஹ ஜயம். திகம்பர முனிவர் ஆடையின்றிக் குளிரில் அமர்ந்திருக்கின்றார் என்றால், போர்வை கிடைக்காமையால் அன்று, போர்வையைத் துறந்தமையால். கிடைக்காமைக்கும் துறத்தற்கும் இடையே மலையளவு வேறுபாடு உண்டு. இல்லாதவனின் நடுக்கத்தைத் தவமென்று பெயரிட்டு அழைப்பது அவனுக்குச் செய்யும் மரியாதையும் அன்று, தவத்திற்குச் செய்யும் மரியாதையும் அன்று.

இதனை இன்னும் கூர்மையாகச் சொல்லலாம். என் குளிரை நான் பொறுத்தல் அறமாகலாம். பிறர் குளிரை நான் பொறுத்தல் எவ்வாறு அறமாகும்? அதற்கு நம் மொழியில் வேறு பெயர் உண்டு.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குக் கொல்லிமலைக்குத் தொலைவில் அல்லாத ஒரு குன்றே சான்று. கொல்லிக்குத் தென்மேற்கே, காவிரியின் மறுகரையில், கரூர் மாவட்டத்தில் புகழூர் ஆறுநாட்டார் மலை உள்ளது. அங்குள்ள குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. இரும்பொறை மரபைச் சேர்ந்த சேர மன்னர் மூன்று தலைமுறையினரின் பெயர்கள் அவற்றில் வருகின்றன. கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. இளங்கடுங்கோ இளவரசனான காலத்தில், யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த அமணர் உறைவதற்காக அக்கல் அறுத்துக் கொடுக்கப்பட்டது என்பது செய்தி. ஓரிக்குப் பின்னர்க் கொல்லிமலை சேரர்க்கு உரியதாயிற்று என்று சங்கப் பாடல்களால் அறிகிறோம். அச்சேர மரபின் ஒரு கிளையே இந்தக் கொடையைச் செய்தது.

இக்கொடையில் நம்மைச் சிந்திக்கச் செய்வது பின்வருவது. செங்காயபர் இடர் பொறுக்கும் விரதம் பூண்டவர். மழையும் பனியும் அவருக்குப் பரீஷஹம். அவர் உறையுள் கேட்டார் என்று கல்வெட்டில் இல்லை. "முனிவர்தாமே, பொறுத்துக்கொள்வார்" என்று கொடையாளர் வாளாவிருந்திருக்கலாம், இருக்கவில்லை. தமிழகத்துச் சமணக் குகைத்தளங்கள் பலவற்றில் பாறையின் நெற்றியில் ஒரு விளிம்பு வெட்டப்பட்டிருப்பதைத் திருத்தல யாத்திரை சென்றோர் கண்டிருப்பர். மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே புகாமல் வெளியே சொட்டிவிடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகளும், தலைப்பக்கம் தலையணை போல் உயர்த்திச் செதுக்கிய மேடும் உள்ளன. கல்லே படுக்கை, கல்லே தலையணை. அவ்வளவு கடுமையான வாழ்க்கைக்குள்ளும் ஒரு தலையணை! தலை சாய்க்கச் சற்றே உயரம் வேண்டும் என்று எண்ணிய உள்ளம் எது? உளியெடுத்த தச்சனோ, பொருள் கொடுத்த இல்லறத்தானோ, நாமறியோம். ஒரே பாறையின் கீழ்த் துறவியின் பொறையும் இல்லறத்தாரின் பரிவும் ஒருங்கே வாழ்ந்தன. ஒன்று மற்றொன்றைக் கேலி செய்யவில்லை.

இனி நமக்குரிய சிறு சுகங்களைக் காண்போம். இல்லறத்தார்க்கு ஆடையும் படுக்கையும் அனலும் விலக்கப்பட்டவை அல்ல. போகம், உபபோகம் என இருவகையாக நுகர்பொருள்களைப் பிரித்து, அவற்றிற்கு எல்லை வகுத்துக்கொள்ளுமாறு இல்லறத்தார்க்குக் குணவிரதம் கூறப்பட்டுள்ளது. ஒருமுறை நுகர்ந்ததும் தீர்வதாகிய உணவு போகம். மீண்டும் மீண்டும் நுகரப்படும் ஆடை, படுக்கை முதலியன உபபோகம். எல்லை வகுத்துக்கொள் என்றாரேயன்றி, இன்பமே கொள்ளாதே என்று இல்லறத்தாரிடம் சொல்லவில்லை. அவ்வெல்லையை எங்கே வகுப்பது? இந்தச் சுகத்திற்காக விலை கொடுத்த உயிர் எது என்று கேட்டுப் பார்ப்பதே எளிய வழி என்று நமக்குத் தோன்றுகிறது.

பருத்திப் போர்வை இவ்வினாவிற்கு அஞ்ச வேண்டுவதில்லை. பழைய பருத்திச் சேலைகளை அடுக்கித் தைத்து மெத்தைபோல் விரிக்கும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அதற்கு ஈடான வெதுவெதுப்பை நாம் கண்டதில்லை. பட்டோ வேறு. ஒரு பட்டுச் சேலைக்குப் பல்லாயிரம் கூடுகள் உள்ளிருக்கும் உயிரோடு வெந்நீரில் இடப்படுகின்றன. குளிருக்கு இதமானது என்று பட்டுச் சால்வையைத் தோளில் இட்டுக்கொண்டு ஜினபிம்பத்தின் முன் நிற்பதை நம் இளைஞர் சிலர் இப்போது கேள்விக்குள்ளாக்குகின்றனர், கேட்பது நன்றே. கம்பளி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. மயிர் கத்தரிப்பதால் ஆடு இறப்பதில்லை. ஆனால் பனிக்காலத்தில் கத்தரிக்கப்பட்ட ஆடு நடுங்கும் என்பதை மந்தை வைத்திருப்போரிடம் கேட்டறியலாம். ஒருவர் குளிரை மற்றோர் உயிரின் மேல் ஏற்றிவைப்பதாக அது ஆகிவிடக் கூடாது.

அனலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தீயையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்பது நம் கொள்கை. அதற்கும் மேலாக, கண்ணால் காணும் உயிர்களே போதுமானவை. எரியும் கட்டையின் பட்டைக்குள் எறும்பும் புழுவும் இருக்கும். சுடரை நாடி விட்டில் வந்து விழும். வீடு நடத்துவதில் நேரும் ஆரம்ப இம்சையை இல்லறத்தார் முற்றிலும் ஒழித்தல் இயலாது என்பதை ஆசாரியர்களே ஒப்புக்கொண்டனர். குறைத்தல் இயலும். விறகைத் தரையில் தட்டி, திருப்பிப் பார்த்து, பிறகே அடுப்பில் வைக்கும் நம் தாய்மார் எந்த நூலையும் எடுத்துக்காட்டாமல் அதனைச் செய்து வந்தனர். கணப்புச் சட்டியை மூடிய அறையில் வைத்துக்கொண்டு உறங்குவதோ தன்னுயிர்க்கே இறுதி. 2024 ஆம் ஆண்டு கொடைக்கானலில் சுற்றுலா சென்றவர்கள் இருவர், அறைக்குள் கரியனலை வைத்து உறங்கி, அதன் நச்சுப்புகையால் மாண்டனர். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது; உறங்குபவரை எழுப்பாது. குளிர்காலத்தில் மலைப்பகுதிக்கு யாத்திரை அழைத்துச் செல்வோர் இதனை ஒவ்வோர் அறையிலும் சொல்லி வருதல் வேண்டும்.

உணவில் நமக்கு ஒரு தனி இடர்ப்பாடு. குளிர் கடுமையாகும் நேரம் இரவு. இரவுண்ணாமையோ நம் விரதம். மார்கழியில் ஆறு மணிக்குள் பொழுதும் சாய்ந்துவிடும். ஆகவே சுக்குநீரோ மிளகு கஷாயமோ கதிர் மறையுமுன் அருந்தப்பட வேண்டும். அதன் சூடு நள்ளிரவு வரை உதவுமா என்று கேட்கும் பேரப்பிள்ளைகளுக்கு நாம் இன்னும் தக்க விடை கண்டுபிடிக்கவில்லை! கொல்லிமலையில் பெயர்பெற்ற தேனும் நமக்கு விலக்கு. மலையில் இப்போது மிகுதியாக விளையும் மரவள்ளியும் கிழங்காதலின் நம்மிற் பலர்க்கு ஆகாது. ஆனால் அம்மலை பன்னெடுங்காலமாக விளைவித்துவரும் சாமையும் தினையும் கேழ்வரகும் நமக்கு உற்ற நட்பு. மாலை ஐந்து மணிக்கு மிளகும் சீரகமும் இட்டுக் காய்ச்சிய சாமைக் கஞ்சி ஒரு குவளை கிடைத்தால், தேனை இழந்ததற்காக வருந்துவார் இலர். மரவள்ளியின் வரவால் அச்சிறுதானியங்கள் அருகிவந்ததும், அவற்றை மீட்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மலை மக்களோடு சேர்ந்து உழைத்ததும் பலர் அறிந்தவை. சாமையை விரும்பி வாங்குவதும் மலைவாழ்வார்க்கு ஓர் உதவியே என்பதை இடையே சொல்லி வைக்கிறோம்.

காலை இளவெயிலோ யாருக்கும் விலையின்றிக் கிடைப்பது. திண்ணையில் அமர்ந்து முதுகைக் காட்டினால் போதும்.

இனிப் பிறர் குளிருக்கு வருவோம். கடையெழு வள்ளல்கள் வரிசையில் கொல்லிமலைக்குரிய ஓரியோடு ஒருங்கு எண்ணப்படுபவன், பொதினி மலைத் தலைவன் பேகன். மயில் குளிரால் நடுங்கிற்று என்று கருதித் தன் போர்வையை அதற்குப் போர்த்தியவன். மயிலுக்குப் போர்வை எதற்கு, அதன் தோகையே அதற்குப் போதுமே என்று நகைப்போர் அன்றும் இருந்திருப்பர். புலவர்கள் அதனைக் கொடைமடம் என்றனர். நம் முனிவர் கையிலுள்ள பீலியும் மயிலினது. மயில் தானே உதிர்த்த இறகால் ஆயது. உதிர்த்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும் முனிவரையும், உள்ளதைக் கழற்றி அணிவித்த வேளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். பேகனின் கணக்கு பிழைத்திருக்கலாம். ஆயினும் "மயிலுக்குப் பழகிப்போன குளிர்" என்று சொல்லி அவன் நடந்துவிடவில்லை. நெடுநல்வாடை பாடிய நக்கீரரும், கோவலர் தீயில் கைகாய்வதை மட்டுமன்றி, மந்தி கூனி ஒடுங்குவதையும், கறவை தன் கன்றையே உதைத்து விலக்குவதையும் கண்டெழுதினார். பிற உயிரின் குளிரைக் காணும் கண் தமிழுக்குப் புதிதன்று.

பேகனிடமிருந்து ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கொடுக்குமுன் கேட்கலாம். ஒவ்வோர் ஆண்டும் கிழிந்த பழந்துணிகளை மூட்டையாகக் கட்டி மலைக்கு அனுப்பும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. அது நம் அலமாரியைக் காலி செய்யுமே தவிர அவர் இரவைக் காக்குமோ என்பது ஐயமே. கூரை ஒழுகும் வீட்டிற்கு எத்தனை போர்வை கொடுத்தாலும் அத்தனையும் நனையும். அங்கே வேண்டுவது கூரைக்குப் புல்லோ ஓடோ, அல்லது மலையேறிச் சென்ற முதியவர்க்கு ஒரு மருத்துவரோ ஆகலாம். புகழூரில் செங்காயபருக்குப் போர்வை கொடுக்கவில்லை. அவர் அதனை ஏற்கவும் மாட்டார். அவருக்கு ஏற்றதை அறிந்து கல்லை அறுத்துக் கொடுத்தனர்.

தை மாதத்தில் முனிசங்கம் நம் ஊர்களுக்கு எழுந்தருளும்போது இதே பக்குவம் வேண்டும். முனிவர்க்குத் தரையும் கல்லும் பலகையும் புல்லுமே படுக்கை. ஆதலின் முதல் நாள் நண்பகலிலேயே வைக்கோலை வெயிலில் உலர்த்தி, உதறி, சிற்றுயிர் ஏதும் தங்கவில்லை என்று இருமுறை பார்த்து, பொழுது சாயுமுன் அறையின் ஒரு மூலையில் விரித்துவைக்கலாம். காற்று வரும் பக்கத்துச் சாளரத்தைப் பகலிலேயே அடைத்துவைக்கலாம். அவ்வைக்கோலின் மேல் முனிவர் அமர்வதும் அமராததும் அவர் திருவுள்ளம்.