ஓசி சர்வர்

நண்பரின் மகள் ஒருத்தி, கணிப்பொறிப் படிப்பு, நல்ல கம்பெனியில் வேலை. சனி ஞாயிறுகளில் சிநேகிதிகளோடு சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடங்களை எளிய தமிழில் எழுதி இலவசமாகத் தருகிறாள். இதே மாதிரி பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் குழு ஒன்று, ஆங்கிலம் பேசக் கற்றுத் தரும் குழு ஒன்று என்று நாலைந்து குழுக்கள் இருக்கின்றன. தனித்தனியாக வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை, பொதுவாக ஒரு சர்வர் எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தொழிலதிபர் வந்து, ''எதுக்கும்மா கஷ்டப்படறீங்க, பூரா செலவையும் நான் பார்த்துக்கறேன்'' என்றிருக்கிறார்.

(சர்வர் என்றதும் சாம்பார் வாளி ஞாபகம் வருகிற தலைமுறை நான். இது ராப்பகலாக விழித்திருந்து, கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறி. யோசித்தால் பெயர் பொருத்தம்தான்.)

''நிபந்தனை ஏதாவது போட்டாரா?''

''அதான் அங்கிள் பிரச்னை. போட்டிருந்தா சரி, இல்லன்னு சொல்லிடலாம். ஒண்ணுமே கேக்கலை. வாங்கிக்கலாமா?''

2002-ல் ஸ்பானிய மொழிக்காரர்கள் சிலருக்கு இதே கேள்வி வந்தது, கொஞ்சம் தாமதமாக. அதாவது வாங்கிக்கொண்ட பிறகு.

விக்கிப்பீடியா பிறந்தது 2001 ஜனவரியில். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், சம்பளம் கிடையாது. ஆனால், எழுதியதை வைக்க இடம் வேண்டுமே? ஜிம்மி வேல்ஸும் கூட்டாளிகளும் நடத்திவந்த 'போமிஸ்' என்ற கம்பெனி அதைக் கொடுத்தது. சர்வர் அவர்களுடையது. இதையெல்லாம் ஒழுங்குபடுத்திய லாரி சாங்கருக்குச் சம்பளமும் அவர்களே. போமிஸுக்கு வருமானம் இணைய விளம்பரங்களில். அதில் கணிசமான கூட்டம் அழகிகளின் படம் தேடி வந்த கூட்டம். அறிவுக் களஞ்சியத்துக்குப் படியளந்ததில் அரைகுறை ஆடைக்கும் பங்கு உண்டு! பணத்தின் பூர்வீகத்தை ரொம்பக் கிளறினால் பல கல்லூரிகளை இழுத்து மூட வேண்டிவரும் என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

டாட்காம் கம்பெனிகள் கவிழ்ந்த காலம் அது. விளம்பர வருமானம் படுத்தது. 2002 துவக்கத்தில் சாங்கர், விக்கிப்பீடியாவிலும் விளம்பரம் வரலாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான், ஸ்பானியத் தொண்டர்கள் கொதித்துப் போனார்கள். ராத்திரி கண்விழித்து நாங்கள் எழுதியது நீங்கள் கடை விரிக்கவா? பிப்ரவரியில் பெரும்பாலோர் எழுதிய கட்டுரைகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். செவில் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறியில் 'என்சிக்ளோபீடியா லிப்ரே' என்று தனிக்குடித்தனம்.

யாரும் கேஸ் போடவில்லை. போடவும் முடியாது. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், எடுத்தவரும் அதே சுதந்திரத்தை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்கிற உரிமத்தில்தான் எல்லாரும் எழுதியிருந்தார்கள். சுவர் போமிஸுடையது, சித்திரம் எல்லாருடையது.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்கு போமிஸ் மேல்தான் பரிதாபம் வந்தது. மாதாமாதம் பில் வந்தது அவர்களுக்கு. எழுதியவர்களில் எத்தனை பேர் அந்தத் தொகையைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள்? ஒரு வீட்டுத் திண்ணையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்காரர் அரிசி விலையைப் பற்றி முணுமுணுத்ததும் கோபித்துக்கொண்டு எழுந்து போவதா? போனதும் எங்கே? இன்னொரு திண்ணைக்கு!

அப்புறம் நடந்ததைப் பார்த்ததும் அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதே வருஷம் விக்கிப்பீடியா தன் முகவரியில் இருந்த 'டாட் காம்' வாலை அறுத்துவிட்டு 'டாட் ஆர்க்' ஆனது. 2003 ஜூனில் லாப நோக்கில்லாத ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. சர்வர், பெயர் எல்லாவற்றையும் போமிஸ் அதனிடம் ஒப்படைத்தது. பயந்த விளம்பரம் இன்றுவரை வரவில்லை. வாசகர்கள் போடும் சில்லறைதான் பெரும்பங்கு வண்டியை ஓட்டுகிறது. 2003-ல் துவங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அந்த நிழலில்தான் இருக்கிறது. வராத விளம்பரத்துக்குப் பயந்து ஓடினார்களா, அவர்கள் ஓடியதால் விளம்பரம் வரவில்லையா? இரண்டையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவர்களுக்கு நஷ்டமும் உண்டு. ஒரு மொழியில் இரண்டு களஞ்சியங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, சில வருஷங்களில் தனிக்குடித்தனம் பின்தங்கிப் போனது.

சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு என்று வரும். கோயிலில் அணையாமல் எரியும் விளக்கு. ஒரு விளக்குக்கு வழக்கமாக 96 ஆடுகள். அவற்றை இடையரிடம் விடுவார்கள். அவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகும், கிழடாகும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையாமல் இடையர் பார்த்துக்கொள்ள வேண்டும். கொடுத்தவர் செத்தாலும், மனசு மாறினாலும் விளக்கு எரியும். கொடுத்ததைச் சாட்சி வைத்துக் கல்லில் வேறு வெட்டிவிடுவார்கள்.

போமிஸ் முதலில் ஆடு கொடுக்கவில்லை. தினம் தினம் தன் கையால் நெய் ஊற்றிக்கொண்டிருந்தது. ஊற்றுகிற கை கொஞ்சம் நடுங்கினாலும் கீழே இருப்பவர்களுக்குத் திக்கென்றுதானே இருக்கும். ஆட்டை ஓட்டிவிட்டது 2003-ல்தான்.

நண்பர் மகளிடம் நிபந்தனையைப் பற்றி நான் பேசவில்லை. ''தளத்தோட பேர் யார் பேர்ல பதிவாகியிருக்கு?'' என்றேன்.

''அவர் ஆபீஸ்லயே பண்ணிட்டாங்க.''

''பாஸ்வேர்ட்?''

''அதுவும் அங்கதான்.''

''நாளைக்கு உங்களுக்குள்ள ஒத்து வரலைன்னா, அவங்கவங்க பாடத்தை ஒரே சாயங்காலத்துல மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்ப முடியுமா? பிள்ளைங்க போன் நம்பரெல்லாம் யார்கிட்ட இருக்கும்?''

பேசாமல் இருந்தாள். பிறகு, ''அவ்ளோ பெரிய மனுஷர்கிட்ட போய் இதைக் கேட்டா, சந்தேகப்படறோம்னு நினைக்க மாட்டாரா?'' என்றாள்.

இதுதான் உண்மையான சங்கடம். கடன் கொடுத்தவரிடம் தைரியமாகப் பேரம் பேசுகிறோம். சும்மா கொடுத்தவர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆடு கொடுத்தவர்கள் யாரும் கல்லில் வெட்டியதை அவமானமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினேன். செலவில் பத்தில் ஒரு பங்காவது குழுக்கள் தங்கள் கையிலிருந்து போடட்டும் என்றும் சொன்னேன். அதைத்தான் அவள் அவ்வளவாக ரசிக்கவில்லை. பார்வையற்றோருக்கு வாசிக்கும் குழுவில் முக்கால்வாசிப் பேர் கல்லூரி மாணவர்கள், பஸ் பாஸில் வருகிறவர்கள். ''அவங்க குரலே காசுதானே அங்கிள்'' என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன வாரம் போன் செய்தாள். மனிதர் கோபித்துக்கொள்ளவே இல்லையாம். இரண்டு வருஷத்துச் செலவை முன்பணமாக ஒரு கணக்கில் போட்டு, பெயரையும் சாவியையும் இவர்களிடமே கொடுத்துவிட்டாராம். கிளம்பும்போது மட்டும், ''முடிஞ்சா ஒரு மூலையில சின்னதா எங்கம்மா பேரைப் போடுங்க. அவங்க பள்ளிக்கூடமே போனதில்ல'' என்றாராம்.

இப்போது குழுக்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. இது விளம்பரம் என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஓட்டு கிடையாது. இருந்தால் போடச் சொல்வேன்.