பூட்டும் அமானிதமும்

ஒரு நிதியத்தின் கணக்குக் கோப்பை எவரும் திறக்காதபடி கணினியில் கடவுச்சொல் இட்டுப் பூட்டியவன் நான். அதே நாளில், அந்நிதியத்திலிருந்து ஸகாத் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை அச்சடித்து, அறிவித்தற் பலகையில் ஒட்டக் கொடுத்தவனும் நான்தான். இரண்டையும் செய்து தருமாறு கேட்டவர்கள் ஊர்ப் பெரியவர்கள். கணினி தெரிந்த ஆசிரியன் என்பதால் என்னிடம் வந்தார்கள். மறுக்கத் தோன்றவில்லை. வேலை முடிந்ததும் தேநீர் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த வாரம், இடைவேளைக்குப் பின் என் வகுப்பில் ஒரு பையன் மேசையில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தான். "ஒண்ட உம்மாட பேர் பலகையில இரிக்கி" என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறான். சொன்னவன் பொய் சொல்லவில்லை. அந்தப் பெயரைத் தட்டச்சுச் செய்தவை என் விரல்கள். எதைப் பூட்டுவது, எதைத் திறந்து வைப்பது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

கணினிக்குக் கடவுச்சொல் எதற்காக வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையொன்றை உருவாக்கி 1961இல் செய்துகாட்டினர். பொறி எல்லோருக்கும் பொது. ஆனால் ஒவ்வொருவருடைய கோப்பும் அவரவருக்குரியது. அந்த வரம்பைக் காக்கவே ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்தார்கள். பொதுவான ஓரிடத்தில் தனிமனிதருக்குரியதைப் பேணவே அந்தப் பூட்டு வந்தது. பொதுவானதை ஒருசிலர் தமக்குள் வைத்துக்கொள்வதற்காக வரவில்லை.

அதே முறையில் பின்னர் ஒரு விபரீதம் நடந்தது. உள்ளே நுழைவோருக்குக் காட்டப்படும் அன்றைய அறிவித்தலும் கடவுச்சொற் பட்டியலும் தவறுதலாக இடம்மாறிவிட்டன. நுழைந்தவர்களின் முன்னே எல்லோருடைய கடவுச்சொற்களும் வந்து நின்றன. மறைக்கவேண்டியது அறிவித்தலாகிவிட்டது. அங்கே நடந்தது தவறுதலாக. நாங்களோ தெரிந்தே இடம்மாற்றியிருந்தோம்.

நமது மார்க்கத்தில் இந்த வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. பிறர் வீட்டில் அனுமதி பெற்று ஸலாம் கூறியே நுழையவேண்டும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்று ஸூரத்துந் நூர் போதிக்கிறது. தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பது நல்லதே. ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்கிறது ஸூரத்துல் பகரா.

கணக்கைப் பொறுத்தவரை நிலைமை வேறு. ஸகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா திரும்பிவந்து, ஒரு பகுதியைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று ஒதுக்கிக்கொண்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதை மூடிமறைக்கவில்லை. மிம்பரில் நின்று மக்கள் முன்னிலையில் கண்டித்தார்கள். ஆனால் அவருடைய பெயரைக் கூறாமல், நாம் அனுப்பும் ஊழியர் ஒருவர் இப்படிச் சொல்வது என்ன என்றே பேசினார்கள். விடயம் பகிரங்கமாயிற்று, ஆளுக்குத் திரை கிடைத்தது. தவறிழைத்தவருக்கே கிடைத்த அந்தத் திரையை, எந்தத் தவறும் செய்யாத ஒரு விதவைக்கு நாங்கள் கொடுக்கவில்லை.

"பேரைப் போடாட்டி சனம் நம்புமா ஸேர்?" என்று கேட்டார் சபையிலுள்ள ஒரு காக்கா. நியாயமான கேள்விதான். தன் பணம் உரியவரைச் சேர்ந்ததா என்று அறியும் உரிமை கொடுத்தவருக்கு உண்டு. ஆனால் சரிபார்ப்பது வேறு, காட்சிக்கு வைப்பது வேறு. ரொபர்ட் மொறிஸ், கென் தொம்ஸன் ஆகிய இருவரும் 1979இல் எழுதிய கட்டுரையில் விளங்கப்படுத்திய முறையில், கணினி கடவுச்சொல்லை அப்படியே சேமித்து வைப்பதில்லை. மீட்டெடுப்பதற்கு அரிதான வேறொரு வடிவமாக்கி வைத்துக்கொள்கிறது. வருபவர் சொல்லும் சொல்லையும் அவ்வாறே மாற்றி ஒப்பிட்டுப் பார்க்கிறது. வாயிற்காவலனின் கையிருப்பில் இரகசியம் இல்லை. ஆயினும் வந்தவர் உரியவர்தானா என்று அவனால் பார்க்க முடிகிறது. நம்பிக்கையான மூவர் பட்டியலைப் பரிசோதித்து ஒப்பமிட்டால் நமக்கும் அது போதும். பலகையில் எத்தனை குடும்பங்கள், எவ்வளவு தொகை, செலவு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று இருக்கட்டும்.

கணக்கைத் திறந்தால் ஊரில் சண்டை வரும் என்றும் சொன்னார்கள். வரலாம். ஆனால் பூட்டிவைப்பதால் வரும் சந்தேகம் சண்டையைவிட நீண்டகாலம் இருக்கும். பொருளாளர் நேர்மையானவர் என்றே நான் நம்புகிறேன். அந்த நேர்மைக்குச் சாட்சி இல்லாமல் செய்ததும் நான் போட்ட பூட்டுத்தான்.

நாட்டின் சட்டமும் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச நிறுவனங்களிடம் கேள்வி கேட்கும் உரிமையைப் பிரசைகளுக்குத் தந்தது. தனிமனிதரின் தரவுகளைப் பாதுகாக்க 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று சங்கங்களும் நிறுவனங்களும் இணையத்தளங்களில் உறுப்பினருக்கு மட்டுமெனக் கடவுச்சொல் இட்ட பகுதிகளை அமைக்கின்றன. அங்கும் முதலில் கேட்கவேண்டியது, இந்தப் பூட்டு யாரைக் காக்கிறது என்பதே. பலவீனமானவரைக் காக்குமானால் அது அமானிதம். பொறுப்பிலிருப்பவரைக் கேள்வியிலிருந்து காக்குமானால் அதற்கு அமானிதம் என்று பெயரிட முடியாது.

பட்டியலை நானே போய்ச் சொல்லிக் கழற்றுவித்தேன். கணக்குக் கோப்பைச் சபையோர் முன்னிலையில் திறந்துவிடுவோம் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. கடவுச்சொல் எனக்குத் தெரியும். இரவில் தனியே போய்த் திறக்கலாம். அதுவும் அனுமதியின்றி நுழைவதுதான் என்பதால் திறக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்பதே எனக்குள்ள வழி.

அந்தப் பையனின் உம்மா இந்த வருடம் ஸகாத்துக்கு விண்ணப்பிக்கவில்லை. அவரது தேவை குறைந்துவிடவில்லை என்பதை அவனுடைய சப்பாத்தைப் பார்த்தே நான் அறிவேன்.