நிதியும் நிபந்தனையும்: மட்டாஞ்சேரிப் பள்ளிகளை முன்வைத்து ஓர் அறவிசாரணை

கல்விக்கான வரிப்பணத்தின் பெரும்பகுதியைத் திரட்டும் அரசு ஒன்றாகவும், பள்ளிக்கூடத்தை நடத்தும் அரசு வேறொன்றாகவும் இருக்கும் நாடுகளில், பணம் தருபவர் எந்த அளவுக்கு நிபந்தனை விதிக்கலாம் என்ற கேள்வியும், அந்த நிபந்தனையை ஏற்க விரும்பாதவர் யாருடைய செலவில் அதை மறுக்கலாம் என்ற கேள்வியும் சட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. இரண்டு அரசுகளும் தத்தம் கொள்கையில் உறுதியாக நிற்கும்போது, எந்தக் கொள்கையையும் வகுக்காத, எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடாத குழந்தைகளே இழப்பைச் சுமக்கிறார்கள் என்பதால் இது முதன்மையாக அறக் கேள்வியாகிறது. ஒன்றிய அரசு 2022இல் தொடங்கிய பிஎம் ஸ்ரீ திட்டத்தை ஒட்டிக் கேரளமும் தமிழ்நாடும் சந்தித்த நெருக்கடி இக்கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியது. அதன் பொருள் தலைநகரங்களின் அறிக்கைகளில் விளங்குவதைக் காட்டிலும், எறணாகுளம் கல்வி மாவட்டத்தைச் சேர்ந்த மட்டாஞ்சேரி உபஜில்லா போன்ற ஒரு சிறு வட்டாரத்தில் நன்றாக விளங்கும்.

உபஜில்லா என்பது கேரளத்தில் ஏ.இ.ஓ. எனப்படும் உதவிக் கல்வி அலுவலரின் கண்காணிப்பில் உள்ள பள்ளிகளின் தொகுதி. போர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் அடங்கிய இந்தப் பகுதியில் அரசு நேரடியாக நடத்தும் பள்ளிகளோடு, லத்தீன் கத்தோலிக்கத் திருச்சபையும் முஸ்லிம் அறக்கட்டளைகளும் கொங்கணி, குஜராத்தி சமூகங்களும் தோற்றுவித்த பள்ளிகளும் உண்டு. இவற்றுள் பல எய்டட் பள்ளிகள், அதாவது கட்டடமும் நிர்வாகமும் தனியாரிடம் இருக்க, ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும் பள்ளிகள். தொலைவில் இருக்கும் அரசின் பணத்தையும் அதன் நிபந்தனையையும் ஒருசேரப் பெறுவது இவ்வூருக்குப் புதிதன்று. பிரிட்டிஷ் கொச்சி எனப்பட்ட கோட்டைப் பகுதி 1956 வரை சென்னையிலிருந்து ஆளப்பட்டது. மட்டாஞ்சேரியோ கொச்சி அரசருக்கு உரியதாக இருந்தது. இரண்டும் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தது 1967இல்தான். 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் உருவான மானிய முறையும், ஆய்வாளரின் மேற்பார்வைக்கு உட்படும் பள்ளிக்கே உதவித்தொகை என்ற விதியின் மேல்தான் நின்றது.

இன்றைய சிக்கலின் வேர் 1976இல் இருக்கிறது. அவ்வாண்டின் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து ஒத்திசைவுப் பட்டியலுக்கு மாற்றி, ஒன்றியமும் மாநிலமும் ஒருசேரச் சட்டம் இயற்றக்கூடிய துறையாக்கியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியதோடு, அதற்கான செலவு இரு அரசுகளுக்கும் பொதுவான பொறுப்பு என்று தன் 7ஆம் பிரிவில் தெளிவாகவே சொல்கிறது. இந்தப் பொறுப்பை நிறைவேற்றும் வழியாக 2018இல் பழைய திட்டங்களை இணைத்து உருவானதே சமக்ர சிக்ஷா. பெரும்பாலான மாநிலங்களில் அதன் செலவில் 60 பங்கை ஒன்றியமும் 40 பங்கை மாநிலமும் ஏற்கின்றன. பிஎம் ஸ்ரீ இதிலிருந்து வேறானது. நாடு முழுவதும் 14,500 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, தேசியக் கல்விக் கொள்கை 2020இன் முன்மாதிரிகளாக மேம்படுத்துவது அதன் நோக்கம். இத்திட்டத்தில் சேரும் மாநிலம் அக்கொள்கையைத் தன் எல்லை முழுவதும் நடைமுறைப்படுத்துவதாகப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் உறுதி தரவேண்டும்; தேர்வாகும் பள்ளியின் பெயருக்கு முன் திட்டத்தின் பெயர் சேரும். கையொப்பமிடாத மாநிலங்களுக்குச் சமக்ர சிக்ஷாவின் தவணைகளும் நின்றபோதுதான் சிக்கல் முற்றியது. தமிழ்நாடு 2024-25ஆம் ஆண்டுக்குத் தனக்கு வரவேண்டிய 2,151 கோடி ரூபாயை வட்டியோடு கேட்டு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. கேரளம் தனக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நிலுவை உள்ளதாகக் கணக்குச் சொன்னது.

இங்கே கவனிக்க வேண்டியது அளவின் பொருத்தமின்மை. பிஎம் ஸ்ரீயின் கீழ் ஒரு வட்டாரத்தில் அதிகம் போனால் இரண்டு பள்ளிகளே தேர்வாக முடியும், அவையும் அரசுப் பள்ளிகளாக இருக்கவேண்டும். எய்டட் பள்ளிகளுக்கு அதில் இடமில்லை. மட்டாஞ்சேரி போன்ற ஓர் உபஜில்லாவில் இதன் விளைவு என்னவென்றால், இத்திட்டத்துக்குள் ஒருபோதும் நுழைய முடியாத பள்ளியில் படிக்கும் குழந்தைக்கும், அத்திட்டத்தில் மாநிலம் சேரவில்லை என்பதற்காகவே, வேறொரு தலைப்பில் உரிய பணம் தடைப்படுகிறது.

அந்தப் பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அறிய ஸ்பெஷல் எஜுகேட்டரின் வேலையைப் பார்க்கவேண்டும். சமக்ர சிக்ஷாவின் வட்டார வள மையத்திலிருந்து ஒப்பந்தத்தில் பணியாற்றும் இந்த ஆசிரியர், ஒரே பள்ளியில் அமர்ந்திருப்பவர் அல்லர். வாரத்தின் நாள்களைப் பள்ளிகளுக்கிடையே பங்கிட்டுக்கொண்டு, அரசுப் பள்ளி எய்டட் பள்ளி என்ற வேறுபாடின்றி மாற்றுத்திறன் குழந்தைகளைத் தேடிச் செல்பவர். பள்ளிக்கு வரவே இயலாத குழந்தையின் வீட்டுக்கும் அவர் போகிறார். படுக்கையை ஒட்டி அமர்ந்து, கரண்டியைப் பிடிக்கவும், சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்கவும், ஐந்து ரூபாய் நாணயத்தைப் பத்து ரூபாய் நாணயத்திலிருந்து பிரித்தறியவும் மாதக்கணக்கில் பழக்குகிறார். இப்படிப்பட்ட குழந்தைக்குக் கற்றல் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரமுடியாது. பழகிய முகமும் பழகிய கையும் மாறினால் பல மாத உழைப்பு வீணாகும். தொடக்க வகுப்புகளில் பத்துக் குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்ற விகிதத்தை, உச்ச நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து ஒன்றிய அரசு 2022இல் வகுத்தது இந்தத் தேவையை அறிந்தே. தவணை வராத மாதங்களில் முதலில் தள்ளாடுவது இத்தகைய ஒப்பந்தப் பணியாளரின் ஊதியம்தான்.

ஒன்றியத்தின் வாதத்தையும் நேர்மையாக எடைபோடவேண்டும். நாடு முழுவதிலும் திரட்டிய பணத்தை, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லவேண்டிய அரசு, தான் வகுத்த கொள்கைக்கு இணங்கவே செலவிட விரும்புவது இயல்பு. சமக்ர சிக்ஷாவே 2020ஆம் ஆண்டுக் கொள்கையோடு இயைந்த திட்டம் என்பது அதன் நிலைப்பாடு. நிபந்தனையோடு வரும் பணம் சில வேளைகளில் பெரும் நன்மை செய்ததுண்டு என்பதையும் மறுக்க இயலாது. அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கிவைப்பது சட்டவிரோதம் என்று 1954இல் தீர்ப்பான பிறகும் தென் மாநிலங்களின் பள்ளி மாவட்டங்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டமோ, அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதைவிடப் பொதுப் பள்ளிகளையே மூடிவிடலாம் என்று முடிவெடுத்து 1959 முதல் 1964 வரை மூடிவைத்தது. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம், பாகுபாடு காட்டும் பள்ளிக்குக் கூட்டாட்சிப் பணம் இல்லை என்று விதித்த பிறகே பல மாவட்டங்கள் வழிக்கு வந்தன. ஆனால் அந்த நிபந்தனை, உள்ளூர் அதிகாரத்தால் நசுக்கப்பட்ட குழந்தையின் பக்கம் நின்ற நிபந்தனை. பெயர்ப் பலகையையும் கொள்கை ஏற்பையும் கோரும் நிபந்தனை எந்தக் குழந்தையை யாரிடமிருந்து காக்கிறது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. அதே அமெரிக்காவில் மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்காக 1975இல் இயற்றிய சட்டம் கடமைகளை விரிவாக வகுத்து, கூடுதல் செலவில் 40 விழுக்காடு வரை மைய அரசு தரும் என்றும் சொன்னது. அந்த அளவை அது ஒருமுறைகூட எட்டவில்லை. பள்ளி மாவட்டங்கள் சட்டத்தை நிறைவேற்றத் திணறுவதற்கு அவற்றின் மெத்தனம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இது சான்று.

கேரளத்துக்கு இவ்விவாதம் பழக்கமானது. ஆனால் அன்று அது மறுதரப்பில் நின்றது. 1957ஆம் ஆண்டின் கேரளக் கல்வி மசோதா எய்டட் பள்ளிகளுக்கு அரசு உதவியோடு கடுமையான கட்டுப்பாடுகளையும் விதித்தபோது, குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958இல் நீதிமன்றம் தந்த விடையில் அறநோக்கில் ஆழமான ஒரு வேறுபாடு உள்ளது. உதவி பெறும் பள்ளிக்கு நியாயமான ஒழுங்குமுறைகளை விதிக்கலாம். ஆயின் சிறுபான்மையினர் தம் பள்ளியை நடத்தும் உரிமையையே உதவிக்கு விலையாகக் கேட்கலாகாது. அரசியல் சட்டமே மானியத்துக்கு உறுதி தந்திருந்த ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளின் நிலை இன்னும் வலுவானது: அவற்றுக்கு மானியம் உரிமையாக வருவது, ஆகவே புதுக் கட்டுப்பாடுகளைச் சேர்த்து அதைத் தருவது ஏற்புடையதன்று. போர்த்துகீசிய, டச்சு மரபினரான ஆங்கிலோ இந்தியர் தலைமுறைகளாக வாழ்ந்த போர்ட் கொச்சியில் இவ்வேறுபாடு ஏட்டளவானதாக இருந்திருக்க முடியாது. பிஎம் ஸ்ரீயின் பணம் ஒன்றியம் விரும்பித் தருவது. அதற்கு நிபந்தனை விதிப்பதில் தவறில்லை, ஏற்பதும் விடுவதும் மாநிலத்தின் விருப்பம். கல்வி உரிமைச் சட்டத்தின் வழி வரும் பங்கோ கடமையாகத் தரவேண்டியது. முன்னதை மறுத்ததற்காகப் பின்னதைப் பிடித்துவைப்பது, உரியதைத் தராமல் இருந்துகொண்டு பணியவைப்பதாகும். அந்தச் சட்டத்துக்கான நிதியைக் கல்விக் கொள்கையோடு இணைக்கத் தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் கூறியதும் இதே தர்க்கத்தில்தான்.

இதனால் மாநிலத்தின் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை. ஒரு கொள்கையை மறுப்பவர், மறுப்பின் விலையைத் தாமே செலுத்தும்போதுதான் அம்மறுப்புக்கு அறவலிமை கிடைக்கும். மாநிலத்தின் தன்மானத்துக்காக நிகழும் மறுப்பு, மட்டாஞ்சேரியின் ஒரு சந்தில் உள்ள வீட்டுக்கு வரும் ஆசிரியரின் ஊதியத்தில் கழிக்கப்படுமானால், அது அடுத்தவர் பணத்தில் காட்டும் வீரம். மாநில வருவாய் இறுக்கமானது என்பது உண்மையே. ஆனால் எந்தச் செலவை முதலில் நிறுத்துவது என்பது அரசின் தேர்வு, அந்தத் தேர்வில் மாற்றுத்திறன் குழந்தை கடைசியாகவே வரவேண்டும்.

இதைவிடக் கடினமானது 2025 அக்டோபரில் நடந்தது. கேரளம் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது; கூட்டணிக் கட்சியான இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தன்னிடம் கலந்து பேசவில்லை என்று கடுமையாக எதிர்த்தது; கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி, குழந்தைகளுக்கு உரிய நிதியைப் பெறவே கையொப்பம் இடப்பட்டது, பாடத்திட்டம் மாறாது என்று விளக்கினார். மாத இறுதியில் அமைச்சரவை ஒப்பந்த நடவடிக்கைகளை நிறுத்திவைத்து, ஆராயத் துணைக்குழு ஒன்றை அமைத்தது. பசித்த குழந்தைக்காகச் சொல்லும் பொய்யை மன்னிக்கும் மரபு தமிழுக்கும் மலையாளத்துக்கும் உண்டு. புரை தீர்ந்த நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று வாதிடுவோர் இங்கே வரக்கூடும். அந்த வாதம் ஒரு தனிமனிதனின் நெருக்கடிக்குப் பொருந்தலாம். அரசின் கையொப்பத்துக்குப் பொருந்தாது. நிறைவேற்றும் எண்ணமின்றி இடப்படும் கையொப்பம், ஒன்றியத்தை மட்டும் ஏமாற்றுவதில்லை; எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை என்பதைத் தன் சொந்த மக்களிடமே மங்கலாக்குகிறது, அடுத்து வரும் அரசின் கையையும் கட்டுகிறது. வெளிப்படையாக மறுத்து நீதிமன்றம் சென்ற தமிழ்நாட்டின் வழி அதிக இழப்பைக் கொண்டுவந்தபோதிலும் நேரானது என்றே சொல்லவேண்டும். அந்த இழப்பும் சிறிதன்று: தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 விழுக்காட்டு இடங்களின் சேர்க்கை அங்கே 2025இல் கல்வியாண்டு பாதி கடக்கும்வரை தள்ளிப்போனது.

இந்தச் சண்டையில் இரு தரப்பும் மொழியின் பெயரைச் சொல்கின்றன என்பதால் ஒன்றைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். டச்சுக்காரர் காலத்தில் வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் போர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் இன்றும் டோபி கானாவில் துணி வெளுத்து வாழ்கின்றன. மட்டாஞ்சேரியில் கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் உருதுவும் வீட்டுமொழிகள். இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கவேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. ஒன்றியம் மாநிலத்திடம் கேட்கும் இணக்கத்தைப் பற்றி இத்தனை பேச்சு நிகழும்போது, இந்தப் பிள்ளைகளின் மொழிக்கு இரு அரசுகளும் காட்டவேண்டிய இணக்கத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

செய்யவேண்டியது தெளிவாகவே இருக்கிறது. ஒன்றிய அரசு, கல்வி உரிமைச் சட்டத்தின் வழி வரும் பங்கையும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான நிதியையும் எந்த ஒப்பந்தத்தோடும் முடிச்சுப் போடாமல் உரிய மாதத்தில் விடுவிக்கவேண்டும். மாநில அரசு, தவணை வந்தாலும் வராவிட்டாலும் ஸ்பெஷல் எஜுகேட்டரின் ஊதியத்தைத் தன் கருவூலத்திலிருந்து முதலில் தந்துவிட்டு, பிறகு டெல்லியோடு வழக்காடட்டும். பொறுத்திருக்கக் குழந்தைகளுக்குக் காலமில்லை: 2022-23இல் தொடங்கிய பிஎம் ஸ்ரீயின் ஐந்தாண்டு 2026-27 நிதியாண்டோடு முடிகிறது, கேரளத்தில் கீழ்த் தொடக்கப் பள்ளி நான்காம் வகுப்போடு முடிவதால், 2023 ஜூனில் மட்டாஞ்சேரிப் பள்ளி ஒன்றில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தையும் அதே மார்ச்சில் அந்தப் பள்ளியை விட்டு வெளியேறும்.