வரிசையை விட்டு வந்தவர்கள்

1782 மார்ச்சில் அமெரிக்காவின் ஒஹாயோ எல்லைப்புறத்தில், க்னாடன்ஹட்டன் என்ற கிராமத்தைப் பென்சில்வேனிய ஊர்காவல் படையொன்று சுற்றிவளைத்தது. அகப்பட்டவர்கள் எப்பக்கமும் ஆயுதம் தூக்காத டெலவேர் பழங்குடிக் கிறிஸ்தவர்கள். முந்திய ஆண்டு பலவந்தமாக வெளியேற்றப்பட்டு, பசி தாளாமல், வயலில் விட்டுப்போன சோளத்தை எடுக்கத் திரும்பியிருந்தார்கள். விட்டுவந்த ஊருக்கு அப்படித் திரும்புவது என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தளபதி டேவிட் வில்லியம்சன் கட்டளையிடவில்லை, வாக்கெடுத்தார். இவர்களை உயிரோடு விடலாம் என்பவர்கள் முன்னே வரட்டும் என்றார். வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. மறுநாள் 96 பேர் கொல்லப்பட்டனர்; அதில் 39 பேர் குழந்தைகள். எவரும் தண்டிக்கப்படவில்லை.

அந்தச் சிலரை என்னவென்று சொல்வது? அவர்கள் கையில் இரத்தமில்லை. ஆனால் துவக்கு இருந்தது. அப்பாவிகளைக் கொல்லலாமா என்பது வாக்கெடுக்கக்கூடிய விடயமே அல்ல. அதில் கலந்துகொண்டு, தோற்றதும் ஒதுங்கிக்கொண்டார்கள். தம் மனச்சாட்சியைக் காத்தார்கள், குழந்தைகளைக் காக்கவில்லை.

ஆனாலும் அவர்களை நாம் தள்ளிவிட முடியாது. வேறு வழி இருக்கவில்லை என்று மற்றவர்கள் சொல்ல முடியாதபடி செய்தவர்கள் அவர்கள்தான். மறுப்பது அறத்தின் முதற்படி. அதிலேயே நின்றுவிடுபவர்களை, நம்மையும் சேர்த்து, என்ன பெயரால் அழைப்போம்?