நம்பெருமாளும் விருப்பன் திருநாளும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவரங்கம் பெரிய கோயிலில் பங்குனித் திங்களில் ஆதி ப்ரஹ்மோத்ஸவம் நடந்தேறுகிறது. அடுத்துவரும் சித்திரையில் மீண்டும் ஒரு ப்ரஹ்மோத்ஸவம் நிகழ்கிறது. ஒன்று முடிந்த சில நாட்களிலேயே மற்றொன்று எதற்கு என்று கேட்பவர் உண்டு. இதற்கு விடை ஆகமத்தில் மட்டும் இல்லை. அவ்வூரின் சரித்திரத்தில் இருக்கிறது.

கி.பி. 1323-ல் டில்லிப் படை திருவரங்கத்தின்மீது பாய்ந்தது. மூலவர் ஸந்நிதியைக் கல்திரையிட்டு மறைத்துவிட்டு, உத்ஸவரான அழகியமணவாளனை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு ஒரு சிறு கூட்டம் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. முதுமையின் தளர்ச்சியையும் பாராமல் அதை நடத்திச் சென்றவர் பிள்ளைலோகாசாரியர். அர்ச்சாவதாரத்தின் பெருமையை ஸ்ரீவசனபூஷணத்தில் நிலைநாட்டிய அம்மஹான், தாம் எழுதியதைத் தம் உடலாலேயே மெய்ப்பித்தார். மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். பெருமாளின் பயணமோ நிற்கவில்லை. காடும் மலையும் கடந்து, திருநாராயணபுரத்திலும் திருமலையிலும் எழுந்தருளியிருந்து, செஞ்சியை ஆண்ட கோபணாரியரின் முயற்சியால் சக வருஷம் 1293-ல், அதாவது கி.பி. 1371-ல், அவர் திருவரங்கம் மீண்டார். அச்செய்தியைக் கூறும் வடமொழிச் சுலோகங்கள் கோயில் மதிலில் இன்றும் கல்வெட்டாக நிற்கின்றன.

இடையே கழிந்தவை 48 ஆண்டுகள். அதற்குள் மற்றொரு திருமேனி ப்ரதிஷ்டை செய்யப்பட்டு ஆராதிக்கப்பட்டு வந்தது. முன்னிருந்த பெருமாள் இவர்தாமா என்று அறுதியிட்டுச் சொல்ல ஆளில்லை. அந்நிலையில் நிகழ்ந்ததைக் கோயிலொழுகு கூறுகிறது. பெருமாளின் திருப்பரியட்டங்களை முற்காலத்தில் வெளுத்துவந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர் இருந்தார். அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடைத் தீர்த்தத்தை அவருக்கு அளித்தனர். அதைப் பெற்றதும் அவர் உள்ளம் குளிர்ந்து, “இவரே நம்பெருமாள்” என்றார். அன்றுமுதல் அழகியமணவாளனுக்கு அதுவே திருநாமம் ஆயிற்று.

அன்பர்கள் இவ்விடத்தைச் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். ஆயிரம் திருநாமங்கள் உடையவன் எம்பெருமான். வேதம் வல்ல பெரியோர் நிறைந்த திருவரங்கத்தில், அவன் உகந்து சூடிக்கொண்டது ஈரங்கொல்லியின் வாயிலிருந்து பிறந்த பெயரை. தன் ஆடையின் அழுக்கை நீக்கியவன் தன்னை மறவாதிருந்தான்; ஆகையால் தானும் அவனை மறவாதிருக்கிறான். இதுவே க்ருதஜ்ஞதை என்னும் கல்யாணகுணம்.

பெருமாள் மீண்டபின்னும் பெரிய திருநாள் உடனே நடைபெறவில்லை. கோயில் சிதைந்து கிடந்தது, ஊர் வறுமையுற்றிருந்தது. விஜயநகர அரச குலத்தவரான விருப்பண்ண உடையார் கி.பி. 1383-ல் சித்திரைத் திருநாளைத் தொடங்கி வைத்தார். அவர் பெயராலேயே அது விருப்பன் திருநாள் என வழங்கலாயிற்று. கோயிலுக்கு அவர் 52 கிராமங்களை அளித்தார் என்பது மரபு. இன்றும் சித்திரைத் தேரன்று சுற்றுப்புறக் கிராமத்து மக்கள் நெல்லும் தானியமும் ஏந்தி, ஆடுமாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்து, பெருமாளுக்குக் காணிக்கை செலுத்தி, திருத்தேர் வடம் பிடிக்கின்றனர். அரசு போயிற்று, அரசனும் போனான். உழவர் மரபு மாத்திரம் தன் கடமையைக் கைவிடவில்லை.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. படையெடுப்பின் கொடுமையைக் கண்ட அதே கோயிலில் துலுக்க நாச்சியாருக்கு ஸந்நிதி உண்டு; அங்கே ரொட்டியும் அமுது செய்விக்கப்படுகிறது. பட்ட துன்பத்தை நினைவில் வைத்த ஊர், பகையை நினைவில் வைக்கவில்லை. அன்பினால் வந்தவர் எக்குலத்தவராயினும் நம்மவர் என்பதையே திருநாள் போதிக்கிறது.

பரமபதத்தில் இருப்பவனுக்கு ஒரு குறையுமில்லை. அவனைக் காப்பவரும் வேண்டா. அர்ச்சாவதாரத்திலோ அவன் தன்னை அடியார் கையில் ஒப்படைத்து நிற்கிறான். நீராட்டினால் நீராடுகிறான், தூக்கிச் சென்றால் உடன் வருகிறான். ஆகவே அவன் சரித்திரம் வேறு, ஊர்ச் சரித்திரம் வேறு என்று பிரிக்க முடியாது.

கோயில் உள்ள ஒவ்வோர் ஊருக்கும் இத்தகைய கடன் உண்டு. குளம் வெட்டியவர், நந்தவனம் வைத்தவர், இருண்ட காலத்தில் ஒற்றை விளக்கை அணையாமல் காத்தவர் என்று பலர் இருப்பர். சிலர் பெயர் கல்லில் இருக்கும். சிலர் பெயர் முதியோர் வாயில் மட்டும் இருக்கும். திருப்பணி என்று கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசினால் முன்னது மறையும். குழந்தைகளுக்குச் சொல்லாமல் விட்டால் பின்னது மறையும். வாணமும் வாத்தியமும் எவ்வளவு சிறந்தாலும், யார் காத்துக்கொடுத்த பெருமாள் இவர் என்பதை அறியாத கூட்டத்தின் நடுவே நடக்கும் புறப்பாடு நிறைவுள்ளதாகாது.

ஆதலின் திருநாளுக்கு வரும் பெரியோர்கள், தம் கையைப் பிடித்து வரும் சிறுவர்களுக்குத் திருவீதியில் நின்று அவ்வூரின் கதையை ஒருமுறையேனும் எடுத்துரைப்பார்களாக. ஈரங்கொல்லியை மறவாத நம்பெருமாள், அவ்வாறு சொல்பவரையும் கேட்பவரையும் மறவான்.

சுபம்.